சோஹார் குளத்தில் மஞ்சள் ஹெல்மெட்டுகள்

அபுதாபி விமான நிலையத்தில் என்னைக் கண்டதும் செலஸ்டின் கேட்ட முதல் கேள்வி, எனக்கு நீச்சல் மறந்துவிட்டதா என்பதுதான். சாப்பிட்டாயா, பயணம் எப்படி, வீட்டில் எல்லாரும் சுகமா, கல்யாண வேலை எதுவரை வந்திருக்கிறது, ஒன்றும் கிடையாது. மூத்த மகளுக்குக் கல்யாணத்தை வைத்துக்கொண்டு ஒரு தகப்பன் கேட்கிற கேள்வியா இது என்று அங்கேயே எனக்குச் சுர்ரென்று ஏறியது.

நான் அங்கே ஊர் சுற்றிப் பார்க்கப் போகவில்லை. ஆளைப் பிடித்து வரப் போனேன். செலஸ்டின் என் பள்ளிக்கூடச் சிநேகிதன், மணக்குடிக் கடற்கரைக்காரன். முசஃபாவில் ஒரு காரேஜில் லாரிகளுக்கு ஏசி வேலை பார்க்கிறான். மகளின் நிச்சயதார்த்தத்துக்கு வரவில்லை, லீவு கிடைக்கவில்லை என்றான். அதற்கு முன்பு மகன் கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மைக்கு வரவில்லை, அதற்கும் லீவு கிடைக்கவில்லை. அவன் மனைவி ஸ்டெல்லா இந்த முறை அவன் லீவைக் கேட்டுத்தான் கல்யாணத்துக்கே நாள் குறித்தாள். அப்படியும் நம்பிக்கை வராமல் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணே, கோயில்ல பிள்ளைக்க கையப் புடிச்சு பீடம் வரைக்கும் அப்பன்தான் கூட்டிட்டுப் போணும். நீங்க போயி ஆளக் கையோட கூட்டிட்டு வாங்க," என்றாள்.

நான் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். டிக்கெட் வாங்காதவனைக் காலரைப் பிடித்து இறக்கிவிட்ட அனுபவம் நிறைய உண்டு. இவனையும் அப்படியே இழுத்து வந்துவிடலாம் என்று நினைத்துத்தான் கிளம்பினேன். கல்யாணப் பெண் ஷைனி நான் தூக்கி வளர்த்த பிள்ளை. எனக்குப் பெண்பிள்ளை கிடையாது, அந்த ஆசையை எல்லாம் அவளிடம்தான் தீர்த்துக்கொண்டேன். அவள் கல்யாணத்தில் தகப்பன் நிற்க வேண்டிய இடம் காலியாக இருக்கக் கூடாது என்பதில் ஸ்டெல்லாவுக்கு இருந்த பிடிவாதம் எனக்கும் இருந்தது.

காரில் ஏறியதும் கேட்டேன். லீவு உறுதி என்றான். இரண்டு பேருக்கும் ஒரே விமானத்தில் டிக்கெட் இருப்பதைப் போனில் காட்டினான். எனக்கு மூச்சு வந்தது. அடுத்த வாக்கியத்திலேயே அந்த மூச்சைப் பிடுங்கிக்கொண்டான். விமானத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது, அதுவரை ரூமில் உட்கார்ந்து என்ன செய்வது, ஓமனில் சோஹாருக்குப் போய் தாரா பிடிப்போம் என்றான்.

எங்கள் பக்கத்தில் வாத்தைத் தாரா என்றுதான் சொல்வோம். இவன் சொன்னது வீட்டில் வளர்க்கிற தாரா அல்ல, பனிக்காலத்தில் வடக்கிலிருந்து வந்து இறங்குகிற காட்டுத்தாரா. சிறுவயதில் தேரூர்க் குளத்தில் அதைப் பிடிக்கிற வித்தை எங்களுக்கு உண்டு. துப்பாக்கி, வலை எதுவும் வேண்டாம். பழைய மண்பானைகளைக் கவிழ்த்துக் குளத்தில் மிதக்கவிட வேண்டும். தாராக்கள் முதலில் பயந்து விலகும். சில நாளில் பழகிப்போய்ப் பானைகளுக்கு நடுவிலேயே மேயும். பிறகு ஒருவன் கண்ணுக்கு ஓட்டை போட்ட பானையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, கழுத்தளவு தண்ணீரில் மெல்ல நடந்து போவான். பக்கத்தில் போனதும் தண்ணீருக்கு அடியில் கையை விட்டுக் காலைப் பிடித்து இழுப்பான். பக்கத்துத் தாராவுக்குக்கூடத் தெரியாது. இதில் செலஸ்டின் பெரிய கை. நான் கரையில் சாக்கு பிடித்துக்கொண்டு நிற்பவன். என் ஆயுளில் ஒரு தாராவைக்கூடத் தொட்டுப் பிடித்ததில்லை. ஊரில் அது அப்போதே குற்றம்தான். நாங்கள் விட்டது சட்டத்துக்குப் பயந்து இல்லை, குளத்து அட்டைக்குப் பயந்து.

வளைகுடாவுக்கு வந்த பிறகும் இவன் அதை விடவில்லை. ஒவ்வொரு பனிக்காலத்திலும் போனில் கூப்பிட்டுப் பீற்றிக்கொள்வான். ஒரு வருடம் பெயின்ட் வாளியைக் கவிழ்த்துக்கொண்டு இறங்கி, அதன் கம்பிப் பிடி கழுத்தில் மாட்டி, கரையில் வைத்து அறுத்து எடுத்தார்களாம். இன்னொரு வருடம் குடைந்த தர்ப்பூசணி ஓடுகளைக் கரையில் காய வைத்தால், தோட்டத்து ஆடுகள் வந்து ஒன்று விடாமல் தின்றுவிட்டனவாம். அப்புறம்தான் சைட்டில் போடுகிற மஞ்சள் ஹெல்மெட் யோசனை வந்தது. உள்ளே இருக்கிற பட்டையைக் கழற்றிவிட்டால் ஹெல்மெட் மூக்கு வரை இறங்கும், அதில் இரண்டு துளை போட்டால் போதும் என்றான். மகனின் புதுநன்மைக்கு லீவு கிடைக்காத வருடம்தான் இந்தக் கண்டுபிடிப்பு நடந்தது என்பதை நான் கணக்குப் போட்டுப் பார்த்துக்கொண்டேன்.

இதெல்லாம் இங்கே செய்யலாமா என்று கேட்டேன். "துப்பாக்கி வச்சு சுட்டாத்தாம்லே குத்தம். கையால புடிக்கதுக்கு எந்த நாட்டுலயும் சட்டம் கெடையாது," என்றான். இந்தச் சட்ட ஞானம் இவனுக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. வரமாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் இவனைத் தனியாக விட்டால் ஊருக்குப் போகிற நாளில் எந்தக் குளத்தில் நிற்பானோ என்ற பயம். கண்பார்வையிலேயே வைத்துக்கொள்வோம் என்று ஒத்துக்கொண்டேன்.

முசஃபாவில் அவனுடைய ரூமில் ஆறு கட்டில். ஜன்னலைத் திறந்தால் வெல்டிங் புகை, மூடினால் ஆறு பேருடைய சாக்ஸ். ஆனால் சாப்பாட்டைக் குறை சொல்ல மாட்டேன். குளச்சல்காரர் ஒருவர் தேங்காய் அரைத்துச் சாளை மீன் கறி வைத்திருந்தார். குபூஸ் ரொட்டியை அதில் முக்கித் தின்னலாம் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். காலையில் கொடுத்த டீதான் கொடுமை. பாலையும் தூளையும் ஒன்றாகப் போட்டு, அதன் உயிர் போகிற வரை காய்ச்சி, அதற்குக் கடக் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எங்கள் வடசேரி பஸ் நிலையத்தில் இப்படி ஒரு டீயைக் கொடுத்தால் கிளாஸோடு திருப்பி அடிப்பார்கள். இங்கே வரிசையில் நின்று வாங்குகிறார்கள்.

மறுநாள் கிளம்பினோம். ஊரில் ஓடுகிற லாரிகளை எல்லாம் சரி பண்ணுகிற இடத்தில் வேலை பார்க்கிறவனுடைய காரில் ரிவர்ஸ் கியர் விழாது. இதை அவன் என்னிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை. அல் ஐன் போய் ஒரு மலையாளி ஓட்டலில் பரோட்டாவும் பீஃபும் தின்றுவிட்டு வெளியே வந்தோம். காரைச் சுவரைப் பார்க்க நிறுத்தியிருந்தான். "இறங்கித் தள்ளு மக்கா," என்றான். சாப்பிட்டதெல்லாம் தொண்டைக்கு வரத் தள்ளினேன். பாகிஸ்தானிலிருந்து வந்த ஒரு பட்டாணி டாக்ஸிக்காரரும், பக்கத்துச் சலூனில் முடி வெட்டிக்கொண்டிருந்த ஆளும், போர்த்திய துணியோடு அந்தச் சலூனில் உட்கார்ந்திருந்த ஆளும் வந்து கை கொடுத்தார்கள். யாரும் யாருக்கும் தெரியாது. "யல்லா, யல்லா" என்று தள்ளிவிட்டு, நன்றிகூடக் கேட்காமல் போய்விட்டார்கள். நாற்பது பேர் உட்கார்ந்திருக்கிற பஸ் நடுவழியில் நின்றால், இறங்கித் தள்ள நான்கு பேரைக் கெஞ்சி இறக்கியவன் நான். அந்தத் துணி போர்த்திய மனிதரை இன்னும் மறக்கவில்லை.

எல்லையில் இரண்டாவது தள்ளல். ஓமன் பக்கத்து அதிகாரி, காரைப் பின்னால் எடுத்துச் சோதனைக் கொட்டகைக்கு விடச் சொன்னார். செலஸ்டின் பல்லைக் காட்டிக்கொண்டு "ரிவர்ஸ் மாஃபி" என்றான், ரிவர்ஸ் இல்லையாம். அதிகாரி அவனையும் காரையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார். நான் இறங்கித் தள்ளினேன். டிக்கியைத் திறந்தால் மூன்று மஞ்சள் ஹெல்மெட். அவர் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். துளைகளைக் கண்டார். தன் முகத்தில் கவிழ்த்து, இரண்டு துளை வழியாக எங்களைப் பார்த்தார். இது என்ன என்று ஹிந்தியில் கேட்டார். வேலைக்கு என்றான் செலஸ்டின். என்ன வேலை என்றார். வெல்டிங் என்றான். அவர் ஹெல்மெட்டைத் திரும்ப வைத்துவிட்டு, தலையை ஆட்டிக்கொண்டே போகச் சொன்னார். உலகத்தில் வெல்டிங் இப்படித்தான் நடக்கிறது போலிருக்கிறது என்று அவர் நினைத்திருப்பார்.

சோஹாருக்குக் கொஞ்சம் வெளியே இருந்தது தோட்டம். முன்னால் பேரீச்சை, அதற்குப் பின்னால் மாட்டுத்தீவனப் புல், கடைசியில் நாணல் சூழ்ந்த ஒரு குளம். தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறவர் முருகன், ராமநாதபுரம் பக்கம் கமுதிக்காரர். செலஸ்டினும் அவரும் ஒரு காலத்தில் முசஃபாவில் ஒரே கேம்பில் இருந்தவர்கள். அங்கே வேலை போய், இங்கே இந்தத் தோட்டத்து முதலாளியிடம் வந்து நிலைத்துவிட்டார். ஊரில் மனைவியும் மூன்று பிள்ளைகளும். முதலாளியை அர்பாப் என்று சொல்லும்போதே குரலில் ஒரு மரியாதை வந்தது. என்னைப் பார்த்ததும் சொந்த அண்ணன் வந்த மாதிரி பையை வாங்கி வைத்தார். கருவாட்டுக் குழம்பும் சுடுசோறும் போட்டார். இப்படி ஒரு மனிதர் இவனுக்கு எப்படிச் சிநேகிதராக வாய்த்தார் என்று எனக்கு ஆச்சரியம்.

மாலையில் குளத்தைப் போய்ப் பார்த்தோம். கோபமாக எழுத உட்கார்ந்தாலும் உள்ளதைச் சொல்ல வேண்டும். குளம் முழுக்கத் தாரா. கிளுவைத் தாராவும் ஊசிவால் தாராவும் கூட்டம் கூட்டமாக. நடுநடுவே, முருகன் முன்பே மிதக்கவிட்டிருந்த மஞ்சள் ஹெல்மெட்டுகள் காற்றுக்கு மெல்ல அசைந்துகொண்டிருந்தன. ஒரு கிளுவை ஒரு ஹெல்மெட்டின் மேலேயே ஏறி நின்று இறகு கோதியது. பார்க்கப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஊரைவிட்டு வந்த பிறகு அன்றுதான் கொஞ்ச நேரம் திட்டாமல் இருந்தேன்.

மறுநாள் விடிந்ததும் இறங்கினோம். நான் வழக்கம்போலக் கரையில் சாக்கு பிடிக்கிறேன் என்றேன். செலஸ்டின் விடவில்லை. இங்கே கரையில் ஆள் நின்றால் தாரா கிளம்பிவிடும், எல்லாரும் தண்ணீரில்தான் என்று சொல்லி என் தலையிலும் ஒன்றைக் கவிழ்த்துவிட்டான். ஐஸ் மாதிரித் தண்ணீர். கழுத்து வரை நின்றுகொண்டு, துளை வழியாகப் பார்த்தால் எதிரே மஞ்சள் மண்டைகள் மெல்ல நகர்கின்றன. அதில் எது செலஸ்டின், எது முருகன், எது சும்மா மிதப்பது என்று எனக்குத் தெரியவில்லை. குளத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பக்கத்தில் வந்த மண்டையிடம் மெதுவாகக் கேட்டேன். நகரத்துக் கழிவுநீரைச் சுத்தம் செய்து விடுகிறார்கள் என்று முருகன் குரல் சொன்னது. வாயை இறுக மூடிக்கொண்டேன்.

வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. செலஸ்டினுக்கு வயதாகிவிட்டது, அவன் பக்கத்தில் போகப் போக தாராக்கள் ஒதுங்கின. கடைசியில் ஒரு ஊசிவால் சடக்கென்று தண்ணீருக்குள் போனது. ஒரு மண்டை எழுந்தது. செலஸ்டின் ஹெல்மெட்டைத் தள்ளிவிட்டு, தாராவை மார்போடு அணைத்தபடி சிரித்தான். நாங்கள் கிட்டப் போய்ப் பார்த்தோம். தாராவின் முதுகில் ஒரு சின்னப் பெட்டி கட்டியிருந்தது. தீப்பெட்டி அளவு. மேலே கறுப்பாக ஒரு சூரியத் தகடு. வால் பக்கமாக ஒரு மெல்லிய கம்பி. இறக்கைகளுக்கு அடியில் பட்டை போட்டு, பள்ளிக்கூடப் பிள்ளைக்குப் பை மாட்டிய மாதிரி மாட்டியிருந்தார்கள்.

முருகனுடைய முகம் வெளுத்துவிட்டது. "விட்ருங்கண்ணே. இது கவர்மெண்டுப் பறவ. எங்க போகுது எங்க வருதுன்னு அந்தப் பொட்டி சொல்லிக்கிட்டே இருக்கும்," என்றார்.

செலஸ்டின் விடவில்லை. கிடைத்தது ஒன்றே ஒன்று, அதையும் விடுவதா என்றான். ஊரிலிருந்து வந்தவனுக்குத் தாராக்கறி போடாமல் அனுப்பினால் நான் என்ன மனுஷன் என்றான். கழிவுநீரில் நடுங்கிக்கொண்டு நின்ற எனக்கு அப்போது வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. உன் தாராக்கறியைக் கொண்டு போய் உடைப்பில் போடு, மகளுக்குக் கல்யாணம் வருகிறது, உன்னைப் பிடித்து உள்ளே வைத்தால் ஷைனி கையை யார் பிடிப்பது என்று கத்தினேன். நான் கத்திய கத்தலில் குளத்தில் இருந்த அத்தனை தாராவும் ஒரே அடியாக எழுந்து பறந்தன. அவன் கையில் இருந்ததும் திமிறியது. அவன் விரல் பட்டைக்குள் மாட்டியிருந்தது. தாரா உதறிய உதறலில் பட்டை அறுந்து, அது பறந்து போய்விட்டது. பெட்டி மட்டும் செலஸ்டின் கையில்.

மூன்று பேரும் கரையேறி நடுங்கிக்கொண்டு அந்தப் பெட்டியைப் பார்த்தோம். அரபியிலும் ஆங்கிலத்திலும் எழுதி, தகவல் சொல்ல ஒரு போன் எண்ணும் போட்டிருந்தது. செலஸ்டின் உடனே வழி சொன்னான். "தூக்கிக் கொளத்துல எறி. கலாஸ்." முருகன் ஆகாது என்று தலையாட்டினார். போன வருடம் பக்கத்துத் தோட்டத்தில் இப்படித்தான் ஒரு கழுகு செத்துக் கிடந்து, அங்கே வேலை செய்தவர்கள் பெட்டியை மட்டும் கழற்றிக் கொட்டகைக்குப் பின்னால் புதைத்திருக்கிறார்கள். ஆட்கள் வந்து நேராக அந்த இடத்தைத் தோண்டி எடுத்தார்களாம். புதைத்தவர்கள் இப்போது அவரவர் ஊரில் இருக்கிறார்கள் என்றார்.

அப்படியானால் போகிற வழியில் ரோட்டோரம் எறிந்துவிடலாம் என்றான் செலஸ்டின். இந்தத் தோட்டத்துக்கு வந்துவிட்டுத்தான் அது ரோட்டுக்குப் போனது என்று அந்தப் பெட்டியே சொல்லும் என்றார் முருகன். ஒரு ஆட்டின் கழுத்தில் கட்டிவிட்டால் என்ன என்று செலஸ்டின் கேட்டபோது நான் அவனை அடிக்கக் கை ஓங்கிவிட்டேன்.

முருகன் பெட்டியை வாங்கித் துண்டால் துடைத்தார். பிறகு எங்கள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "நீங்க ரெண்டு பேரும் கெளம்புங்கண்ணே. கல்யாணத்தப் பாருங்க. நாந்தான் புடிச்சேன்னு சொல்லிக்கிறேன். என் தோட்டத்துல நடந்தது, எப்படியும் எங்கிட்டத்தான் கேப்பாங்க."

அவருக்கு இந்த வேலை போனால் வேறு இடம் கிடையாது. அது செலஸ்டினுக்கும் தெரியும். முருகன் அப்படிச் சொன்னபோது இவன் காலில் ஒட்டியிருந்த நாணல் குப்பையைத் தட்டிக்கொண்டிருந்தான். தாரா ஆசை இவனுக்கு, பிடித்தது இவன், இழுத்து வந்தது இவன், அனுபவிப்பது அந்த மனிதரா?

இவனே பொறுப்பேற்றால் கல்யாணத்துக்குப் போக முடியாது. ஸ்டெல்லா என்னை அனுப்பியது அதற்காக இல்லை. மீதி இருப்பது யார்? எனக்கு இந்த ஊரில் வேலையும் இல்லை, விசா கொடுத்து வைத்திருக்கிற கபீலும் இல்லை. சுற்றிப் பார்க்க வந்தவன். திருப்பி அனுப்பினால் ஊருக்குத்தான் அனுப்புவார்கள், நான் எப்படியும் போகிற இடம்தான் அது. அந்த எண்ணுக்குக் கூப்பிடுங்கள், தாராவைப் பிடித்தது நான்தான் என்று நானே சொல்கிறேன் என்றேன்.

இதற்குச் செலஸ்டின் என்ன சொல்லியிருக்க வேண்டும்? வேண்டாம்லே என்று ஒரு தடவை சொல்லியிருக்கலாம். உன்னை மாட்டிவிட்டு நான் எப்படிப் போவேன் என்று ஒப்புக்காவது ஒரு வார்த்தை. நான் சொல்லி வாய் மூடுவதற்குள் "அதுதாம்லே சரி," என்றான். அப்புறம் நேரம் ஆகிறது, எல்லையில் கூட்டம் சேர்ந்துவிடும் என்றான். உடை மாற்றிக்கொண்டு வந்தான். என்னைக் கட்டிப்பிடித்தான். சீக்கிரம் வந்துரு மக்கா, கல்யாணத்துக்கு நீ இல்லாமலா என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினான். தென்னை மட்டை மாதிரி நின்றேன். கார் கிளம்பவில்லை. தீவனக் கொட்டகையைப் பார்க்க நிறுத்தியிருந்தான். அதையும் நானும் முருகனும்தான் பின்னால் தள்ளிவிட்டோம்.

முருகன் அர்பாபுக்கும் பெட்டியில் இருந்த எண்ணுக்கும் கூப்பிட்டுச் சொன்னார். முதலில் வந்தவர் அர்பாப். வெள்ளைத் தாடி, கையில் ஒரு பிரம்பு. கோபத்தோடு வருவார் என்று பயந்துகொண்டிருந்தேன். விருந்தாளியை ஏன் தரையில் உட்கார வைத்திருக்கிறாய் என்று முருகனைக் கேட்டார். காவா என்கிற அரபிக் காப்பியும் பேரீச்சம்பழமும் வந்தன. கொஞ்சம் அல்வாவும் வந்தது. எங்கள் திருநெல்வேலி அல்வாவைவிடக் கெட்டி, ஏலக்காய் தூக்கல். இந்த நிலைமையிலும் இரண்டாவது துண்டு கேட்டு வாங்கித் தின்றேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பிறகு பறவைகளைக் கவனிக்கிற அலுவலகத்திலிருந்து ஒரு இளம்பெண் அதிகாரி வந்தார். முருகன் மொழிபெயர்த்தார். அவர் கேட்ட முதல் கேள்வி, தாரா உயிரோடு இருக்கிறதா என்பது. பறந்துவிட்டது என்றேன். இறக்கையில் அடிபட்டதா என்றார். இல்லை என்றேன். அப்போதுதான் அவர் முகத்தில் இறுக்கம் தளர்ந்தது. எப்படிப் பிடித்தாய் என்று கேட்டார். கையால் என்றேன். அவர் நம்பவில்லை. யாரோ சுட்டிருக்கிறார்கள், அல்லது வலை வைத்திருக்கிறார்கள், மறைக்கிறீர்கள் என்று முருகனைப் பார்த்தார். முருகன் தலையைக் குனிந்துகொண்டார். பேச்சு அவர் பக்கம் திரும்புகிறது என்று தெரிந்ததும், நான் காட்டுகிறேன் என்று எழுந்துவிட்டேன்.

அன்றைக்கு இரண்டாவது தடவையாக அந்தத் தண்ணீரில் இறங்கினேன். தலையில் மஞ்சள் ஹெல்மெட். கரையில் அர்பாபும் அதிகாரியும் அவருடைய டிரைவரும் வரிசையாக நின்றார்கள். குளத்தில் ஒரு தாரா கிடையாது, எல்லாம் காலையிலேயே பறந்துவிட்டிருந்தன. இல்லாத தாராவை நோக்கி மெல்ல நடந்து, தண்ணீருக்கு அடியில் கையை விட்டு, காலைப் பிடித்து இழுக்கிற மாதிரிச் செய்து காட்டினேன். துளை வழியாகப் பார்த்தேன். அந்தப் பெண் முக்காட்டால் வாயை மூடிக்கொண்டிருந்தார், தோள் குலுங்கியது. அர்பாப் பிரம்பைக் கீழே போட்டுவிட்டு முழங்காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அறுபது வயதை நெருங்குகிற ஒருவன், சிநேகிதன் செய்த காரியத்தை நடித்துக் காட்டிக்கொண்டு கழுத்தளவு கழிவுநீரில் நிற்கிறேன். அவன் அப்போது அல் ஐன் ஓட்டலில் பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டிருப்பான்.

அவர்கள் நம்பினார்கள். இவ்வளவு கேவலமாக ஒரு பொய்யை யாரும் சொல்ல மாட்டார்கள் என்று நினைத்திருக்கலாம். அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். காட்டுப்பறவையைக் கையால் தொடுவதும் குற்றம்தான், தானாகவே கூப்பிட்டுச் சொன்னதால் எச்சரித்து விட்டுவிடச் சொல்லி மேலே எழுதுகிறேன், ஆனால் பதில் வரும்வரை நீங்கள் நாட்டைவிட்டுப் போகக் கூடாது என்றார். எவ்வளவு நாளாகும் என்று கேட்டேன். இன்ஷா அல்லாஹ், சீக்கிரம் என்றார். முருகன்மேல் எதுவும் இல்லையே என்று அர்பாபிடம் கேட்கச் சொன்னேன். முருகன் அதை மொழிபெயர்க்காமல் என் கையைப் பிடித்துக்கொண்டார். அர்பாபுக்குப் புரிந்துவிட்டது. முருகன் தோளில் கை வைத்து அழுத்திவிட்டுப் போனார்.

அதன் பிறகு முருகனோடு கொட்டகையில் இருந்தேன். ஆடுகளுக்குத் தீவனம் வைத்தேன், பேரீச்சை மட்டை பொறுக்கினேன். செலஸ்டின் விமானம் ஏறிவிட்டான் என்று ஸ்டெல்லா போன் பண்ணி அழுதாள். நல்லவேளை அண்ணே, நீங்க போகலன்னா இவர் வந்திருக்க மாட்டார் என்றாள். நீங்கள் ஏன் கூட வரவில்லை என்று கேட்டாள். சின்ன ஒரு விசாரணை, அவன் வந்து சொல்லுவான் என்றேன். அவனே சொல்லட்டும் என்றுதான் நான் வாயைத் திறக்கவில்லை. தான் செய்ததை ஒருவன் தன் வாயால் மனைவியிடம் சொல்வதுதான் முறை என்று நினைத்தேன்.

கல்யாண நாளும் வந்தது. மேலிடத்துப் பதில் வரவில்லை. முருகன் போனை ஒரு தீவன மூட்டைமேல் சாய்த்து வைத்தார். கோயிலில் பாட்டு கேட்டது. ஷைனி வெள்ளை உடுத்து, தகப்பன் கையைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தாள். செலஸ்டின் விறைப்பாக நடந்தான், கண் சிவந்திருந்தது. பீடத்துக்கு முன்னால் அவள் கையை மாப்பிள்ளை கையில் வைத்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது. அத்தனை கோபத்தையும் அந்த இடத்தில் விட்டுவிடலாம் என்றே தோன்றியது.

பிறகு மண்டபத்திலிருந்து கூப்பிட்டார்கள். என் மனைவி லீலா முகத்தைக் காட்டவே இல்லை, கோபமாக இருக்கிறாள் என்று யாரோ சொன்னார்கள். எதற்குக் கோபம் என்று எனக்குப் புரியவில்லை. சுற்றி நின்றவர்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அந்தக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஷைனி போனை வாங்கினாள். மாலையோடு, வேர்த்த முகத்தோடு, அவ்வளவு அழகாக இருந்தாள்.

"மாமா, இந்த வயசுல ஒங்களுக்கு எதுக்குத் தாரா புடிக்கிற வேல? வேண்டாம் வேண்டாம்னு அப்பா எவ்வளவோ சொன்னாராமே. கேக்காம எறங்கிட்டியளாம்," என்றாள். சொல்லும்போதே அவள் கண் கலங்கிவிட்டது. "எனக்க கல்யாணத்துக்கு நீங்க இல்லியே மாமா."

முருகன் சடக்கென்று போன் பக்கம் குனிந்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் அவர் கையைப் பிடித்து அழுத்தினேன்.

"ஆமா மக்கா, மாமாவுக்குப் புத்தி இல்ல," என்றேன்.

அவளுக்குப் பின்னால் செலஸ்டின் நின்றிருந்தான். புது வேட்டியின் கரையை இழுத்து இழுத்து நேராக்கிக்கொண்டிருந்தான். போன் பக்கம் திரும்பவே இல்லை.